பண்ணைப் பாலம் கடந்து ஓர் இரவு நடை

ரொறன்ரோவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த பல்கலைக்கழகக் கால நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். "கோட்டை பார்த்தாச்சு, நூலகம் பார்த்தாச்சு, நல்லூரும் போயிட்டு வந்தாச்சு. பகல் முழுக்க வெயில். இரவில உங்கட யாழ்ப்பாணத்தில பார்க்க என்ன கிடக்கு?"

"உங்கட யாழ்ப்பாணம்" என்று அவர் சொன்னது சற்றுச் சுட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அது அவருக்கும் யாழ்ப்பாணமாகவே இருந்தது. அதைவிடக் கேள்விதான் என்னை விடாமல் தொடர்ந்தது. "ஒன்றுமில்லை, வீட்டில் இருந்து தொலைக்காட்சி பாருங்கள்" என்று சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்வார்கள். என் மறுமொழி வேறு. இந்த நகரைப் பார்க்க வேண்டிய வேளை இரவுதான், அதுவும் கால்நடையாக. ஏன் என்பதைச் சொல்லவே இப்பத்தி.

நான் மண்டைதீவில் பிறந்தவன். இப்போது கொட்டடியில் குடியிருந்தாலும், கிழமையில் ஒருநாள் தீவில் இருக்கும் சின்னம்மாவிடம் போய் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நகருக்கு நடந்தே திரும்புவது சில ஆண்டுகளாகத் தொடரும் வழக்கம். பொழுதுபட்டால் தீவகப் பக்கம் பேருந்து அரிது என்பது ஒரு காரணம். வைத்தியர் நடக்கச் சொன்னது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் தொழில் சார்ந்தது. பத்திரிகைக்காரன் வாழ்நாளில் பாதியை இரவில் கழிப்பவன். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போனபின் ஊர் உறங்கும் வேளையில் தெருவில் இறங்குவான். சார்ல்ஸ் டிக்கின்ஸ் உறக்கம் வராமல் இலண்டன் தெருக்களில் விடிய விடிய நடந்ததை 1860இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அவரும் பத்திரிகைக்காரர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் அவருக்கு வாய்த்த ஒன்று எம் தலைமுறைக்கு வாய்க்கவில்லை. இரவில் தெருவில் நடப்பதற்கு அவர் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டி இருக்கவில்லை.

வீட்டிலிருந்து புறப்படும்போது சின்னம்மா தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு.

"தம்பி, அடையாள அட்டை எடுத்தனியோ?"

யுத்தம் முடிந்தது 2009இல். அவவின் கேள்வி இன்னும் முடியவில்லை. நானும் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டே படியிறங்குவேன்.

மண்டைதீவுச் சந்தியைத் தாண்டியதும் இருபுறமும் பரவைக்கடல். முழங்கால் அளவு நீர் நெடுந்தூரம் பரந்து கிடக்கும். சிறகுவலைக் கம்புகளில் பகலில் நீர்க்காகங்கள் குந்தியிருக்கும். இரவில் கம்புகள் மட்டும் நிற்கும். முன்னால் நகரின் விளக்குகள், வலப்புறம் குருநகரின் வெளிச்சம், இடப்புறம் நாவாந்துறை. பகலில் இந்தப் பாதையால் மோட்டார் சைக்கிளில் பறப்பவனுக்கு இது வெறும் ஐந்து நிமிடம். இரவில் நடப்பவனுக்கு நகரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நெருங்கும். காற்றுக்கு எதிரே நடந்தால் முக்கால் மணித்தியாலம் பிடிக்கும்.

இந்தக் கடலின் மீது இரவில் நடக்கும்போது சில ஆண்டுகள் தாமாகவே நினைவில் எழும். 1986 ஜூன் 10ஆம் திகதி இதே மண்டைதீவுக் கடலில் குருநகர்க் கடற்றொழிலாளர் 31 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 ஓகஸ்டில் படையினர் மண்டைதீவைக் கைப்பற்றினார்கள். அந்த நாள்களில் தீவில் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் பலர் திரும்பவில்லை. தீவின் கிணறுகளைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று உறவினர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே தீவில் 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி சனாதிபதி அநுர குமார திசாநாயக்க பன்னாட்டுக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். மைதானம் வரட்டும், எம் பிள்ளைகளும் விளையாடட்டும். வலசை வரும் பறவைகளைப் பற்றியும் கண்டல்களைப் பற்றியும் சூழலியலாளர் எழுப்பும் கேள்விகள் ஒருபுறம் இருக்கட்டும். என் மனதில் உள்ளது வேறு. ஒரு நாள் அங்கே இராட்சத மின்விளக்குகள் எரியும்போது தீவு முழுவதும் பகலாகும். கிணறுகள் மட்டும் அப்போதும் இருட்டாகவே கிடக்குமோ என்பதே அது.

பாலம் முடிந்து பண்ணையில் கால் வைத்தால் சூழல் அடியோடு மாறிவிடும். மாலைவேளைகளில் பண்ணைக் கடற்கரையில் இப்போது குடும்பங்கள் குந்தியிருந்து காற்று வாங்குகின்றன. கச்சான் விற்பவர், ஐஸ்கிறீம் வண்டி, கைத்தொலைபேசியில் படம் எடுக்கும் பெடியள், காதலர்கள். முன்னர் காவலரண் நின்ற கரையில் குழந்தைகள் பலூன் பிடித்து ஓடுகிறார்கள். எனக்கு இது பிடிக்கும். சத்தம் கூடிப்போயிற்று, குப்பை பெருகிற்று என்று குறைபட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவோர் உண்டு. குப்பையைக் கூட்டலாம். ஆளற்ற கரையை எதைக் கொண்டு நிரப்புவது? ஆனால் இரவு ஒன்பது மணி ஆனதும் பெண்களும் பிள்ளைகளும் எழுந்து போய்விடுகிறார்கள். அதன்பின் நகரம் மீண்டும் ஆண்களுக்கும் நாய்களுக்கும் உரியதாகிவிடுகிறது.

அடுத்தது கோட்டை. பகலில் வருவோருக்கு வழிகாட்டிகள் சொல்வது இதுதான்: போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், ஐங்கோண வடிவில் மாற்றினார்கள், உட்கோட்டை 1680இல் முடிந்தது, வெளி அரண்கள் 1792இல் முடிந்தன, 1795இல் ஆங்கிலேயரிடம் போயிற்று. யாவும் உண்மை. முருகைக்கற்களால் எழுந்த ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். இடிக்கப்பட்ட பழைய நல்லூர்க் கோயிலின் கற்களும் கோட்டைக்குள் போயின என்பது வழிவழிச் செய்தி. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வுல்ஃப் 1905 தொடக்கம் இரண்டரை ஆண்டு யாழ்ப்பாணத்தில் அரச உத்தியோகம் பார்த்தபோது இந்த மதிலின் மேல் அமைந்த பங்களா ஒன்றில்தான் குடியிருந்தார். இரவில் கடற்காற்று வாங்கியபடி மதில்மேல் நடந்திருப்பார் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோசம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒல்லாந்தர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கட்டிக்கட்டிப் பெருப்பித்த இந்தக் கோட்டையை, வெளி வேலை முடிந்து மூன்றே ஆண்டில், சண்டை என்று சொல்லத்தக்க எதுவும் இன்றி ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். அதன் மதில்கள் உண்மையான முற்றுகையைக் கண்டது 1990 ஜூனில். உள்ளே இராணுவம், வெளியே புலிகள், மேலே குண்டுவீச்சு விமானங்கள். செப்டெம்பர் 13ஆம் திகதி படையினர் மண்டைதீவிலிருந்து, நான் நடந்துவந்த இதே பரவைக்கடலைக் கடந்து, கோட்டையை அடைந்தார்கள். அதே மாதம் 26ஆம் திகதி இராணுவம் கோட்டையைக் கைவிட்டது. 1706இல் கட்டப்பட்ட சிலுவை வடிவ ஒல்லாந்தத் தேவாலயம் அந்த முற்றுகையில் கற்குவியல் ஆயிற்று. நெதர்லாந்து அரசின் உதவியோடு தொல்லியல் திணைக்களம் மதில்களைத் திருத்திற்று. தேவாலயம் இன்னும் குவியலாகவே கிடக்கிறது. குவியலாகவே கிடக்கட்டும் என்பது என் கட்சி. அழகாகத் திருப்பிக் கட்டினால் 1990ஐயும் சேர்த்துப் பூசிவிடுவார்கள்.

மாலையானதும் கோட்டை வாயில் அடைக்கப்படும். இங்கேதான் என் முதலாவது முறைப்பாடு. காலிக் கோட்டைக்கு இரவில் போனவர்களுக்குத் தெரியும்: அங்கே பூட்டு இல்லை. பொழுது சாயும் வேளையில் ஊரவரும் வெளியாரும் மதில்மேல் உலாவுகிறார்கள். பாடசாலை விட்ட பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்த பிறகும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். "யாழ்ப்பாணத்தையும் காலி போல ஆக்க வேண்டும்" என்று சுற்றுலாத் துறையினர் பேசும்போது மட்டும் எனக்கு நடுக்கம். பழைய வீடெல்லாம் விடுதியாகி, கோப்பி ஒன்றின் விலை ஒரு கூலியாளின் அரைநாள் ஊதியமாகும் காலி எமக்கு வேண்டாம். அந்தப் பூட்டில்லாத மதில் மட்டும் போதும். கிழமையில் இரண்டு இரவாவது, பௌர்ணமியில் கட்டாயமாக, பத்து மணிவரை மதிலைத் திறந்துவிடலாம். இரண்டு காவலாளரும் நாலு தாழ்வான விளக்குகளும்தான் செலவு.

கோட்டைக்கு முன்னால் விரிந்து கிடப்பது முற்றவெளி. பீரங்கிக் குண்டுக்கு எதிரி தப்பாதிருக்க வெட்டவெளியாக விடப்பட்ட நிலம் அது. எதிரிக்காக ஒழிக்கப்பட்ட அந்த வெளிதான் பின்னர் ஊர் கூடும் இடமாயிற்று. அதன் விளிம்பிலே முனியப்பர் கோயில், துரையப்பா விளையாட்டரங்கு, வீரசிங்கம் மண்டபம், அதற்கப்பால் நூலகம். எங்கள் மூத்தோர் காலத்தில் அண்மையில் ரீகல் தியேட்டரும் இருந்தது. தீவகத்திலிருந்து சைக்கிளில் வந்து இரண்டாம் காட்சி பார்த்துவிட்டு நள்ளிரவில் பாலத்தால் பாடிக்கொண்டு திரும்பிய கதையை என் தகப்பனார் பலதடவை சொல்லியிருக்கிறார். திருவிழாக் காலத்தில் விடிய விடிய மேளச் சமா, கூத்து, பின்னர் வயல்வரம்பால் வீட்டுக்கு நடை. இரவுக்கு அஞ்சிய இனமல்ல நாங்கள். அச்சம் பின்னாளில் கற்பிக்கப்பட்டது.

எந்த இரவில் அந்தப் பாடம் தொடங்கியது? என்னைக் கேட்டால் 1974 ஜனவரி 10 என்பேன். நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி இரவு. வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே வெளியில் திரண்டிருந்த சனத்துக்குள் பொலிஸார் புகுந்தார்கள். மின்கம்பி அறுந்து விழுந்தது. ஆய்வுரை கேட்க வந்தவர்கள் பிணமானார்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் அவ்விடத்து நினைவுத்தூபியில் பூ வைக்கிறோம். நினைவுகூரல் பகலில் நடக்கும். சாவு நடந்ததோ இரவில். இரவில் அந்தத் தூண்களுக்கு முன்னே நின்று பாருங்கள். எத்தனை நெருக்கமான இடம், ஓடத் தொடங்கிய சனம் எத்திசையில் ஓடியிருக்க முடியும் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும்.

நூலகத்துக்கு அங்கிருந்து சில நிமிட நடைதான். 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சின்ன வாசிப்புச் சேவை வளர்ந்து, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் திட்டப்படி எழுந்த வெள்ளை மாளிகை, 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் திகதி தொடங்கிய வன்செயலில் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். ஏட்டுச்சுவடிகள் வேறு. தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் உயிர்நீத்தார். அதே வன்செயலில் சந்தை எரிந்தது, ஈழநாடு பத்திரிகைக் காரியாலயம் எரிந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. மண்டைதீவுக் கரையில் ஊர்ச் சனம் திரண்டு நின்றது. பரவைக்கடலுக்கு அப்பால் வானம் சிவந்திருந்தது. தண்ணீரிலும் அந்தச் சிவப்பு ஆடிற்று. "சந்தை எரியுது போல" என்றார் தகப்பனார். "இல்லை, பெற்றோல் கடை" என்றார் இன்னொருவர். நூலகம் என்று ஒருவரும் சொல்லவில்லை. புத்தகத்தை ஆரும் எரிப்பார்கள் என்பது அக்கரையில் நின்ற எந்த மூளைக்கும் எட்டவில்லை. பகலில் செய்தி வந்தபின் தகப்பனார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நான் பத்திரிகைக்கு வந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இருட்டில் தெரியும் வெளிச்சம் எது என்று விசாரிக்காமல் விடக்கூடாது என்ற எண்ணம் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

இன்று நூலகம் மீளக் கட்டப்பட்டு, இரவில் மின்னொளி பாய்ந்து நிற்கிறது. முன்னால் சரஸ்வதி. பக்கத்தே புல்லுக்குளத்தருகில் இந்திய உதவியில் எழுந்து, 2023இல் கையளிக்கப்பட்டு, 2025இல் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்ட கலாசார மையம் நெடிதுயர்ந்து நிற்கிறது. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. என் இரண்டாவது முறைப்பாடு அந்த வெளிச்சம் பற்றியது. ஒரு கட்டடத்தில் ஒளி பாய்ச்சுவது அதைக் காட்டவா, மறைக்கவா? ஆண்டில் ஓர் இரவு, மே 31 இரவு மட்டும், மாநகர சபை அந்த விளக்குகளை அணைத்துவிடட்டும். கூட்டம் வேண்டாம், உரை வேண்டாம், அரசியல்வாதி எவரும் ஒலிவாங்கி பிடிக்க வேண்டாம். வந்து நிற்க விரும்புகிறவர்கள் இருட்டில் நின்றுவிட்டுப் போகட்டும். எங்கிருந்தோ வந்த பிள்ளை ஒன்று "ஏனம்மா இண்டைக்கு மட்டும் இருட்டு?" என்று கேட்டால் அம்மா பதில் சொல்லட்டும்.

இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, எல்லாவற்றையும் சாவோடயே சேர்த்துப் பார்க்கிறியள். எங்களுக்கு நகரம் சந்தோசமா இருக்க வேணும். எடின்பரோவில பேய்க்கதை சொல்லிக்கொண்டு இரவில கூட்டிக்கொண்டு போறாங்கள், சனம் காசு குடுத்துப் போகுது" என்றார். அவருடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எடின்பரோ, யோர்க் போன்ற பழைய நகரங்களில் இரவு நடை ஒரு நல்ல வியாபாரம். ஆனால் அவர்களுடைய பேய்கள் நானூறு வருடத்துக்கு முந்தியவை; உறவினர் எவரும் உயிரோடு இல்லை. எங்களுடையவர்களின் தாய்மார் இன்னும் வீதியோரத்தில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறார்கள். இவர்களைப் பேயாக்கிச் சீட்டு விற்க முடியாது. சந்தோசத்தைப் பொறுத்தவரை, பண்ணையில் பலூன் பிடிக்கும் குழந்தையின் சந்தோசத்தை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தக் குழந்தை பத்து வயதாகும்போது நூலக வாசலில் நின்று கேள்வி கேட்கவும் இடம் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

வைத்தியசாலை வீதிக்குத் திரும்பினால் இரவிலும் உறங்காத ஒரே பகுதி வரும். மருந்துக் கடைகள், தேநீர்க் கடைகள், ஓட்டோக்கள், வாசலில் பாய் விரித்த நோயாளியின் உறவினர். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளன்று, இந்திய அமைதிப்படை இந்த வைத்தியசாலைக்குள் புகுந்தது. மறுநாள் காலைவரை நீடித்த அந்த இரவில் வைத்தியரும் தாதியரும் ஊழியருமாக 21 பணியாளர் கொல்லப்பட்டார்கள். நோயாளிகளும் சேர்ந்து மொத்தம் அறுபதுக்கு மேல். இறந்தவர்கள் நடுவே இறந்தவர்போல் கிடந்து தப்பியவர்கள் விடியும்வரை அசையவில்லை. வைத்தியசாலை ஊழியர்கள் ஆண்டுதோறும் அவர்களை நினைவுகூருகிறார்கள். வாசலில் தேநீர் குடிக்கும் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மணிக்கூட்டுக் கோபுரம் என் நடையின் கடைசிப் புள்ளி. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் ஞாபகமாக ஸ்மித்தர் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி 1882இல் எழுந்தது. கொழும்பு நூதனசாலையை வடிவமைத்தவரும் அவரே. இளவரசர் யாழ்ப்பாணத்துக்கு வரவேயில்லை என்பது வேறு கதை. வராதவருக்குக் கோபுரம் கட்டுவது எமக்கு அன்றே வழக்கம் போலும். யுத்தத்தில் சிதைந்தது. 2002இல் திருத்தியபோது அந்த இளவரசரின் வழித்தோன்றலான சார்ல்ஸ் இளவரசர் புதிய மணிக்கூடு அனுப்பிவைத்தார். கோபுரத்தடியில் நள்ளிரவில் நின்றால் நகரத்தில் வேறெந்தச் சத்தமும் இல்லை. என் தலைமுறைக்கு அது சாதாரண விடயம் அல்ல. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பட்டப்படிப்புப் படித்தவன் நான். 1996க்குப் பின் மின்சாரம் மெல்ல மெல்ல வந்தது, இரவு வரவில்லை. ஊரடங்கு. 2006 ஓகஸ்டில் கண்டிவீதி மூடப்பட்டபின் அது மீண்டும் இறுகியது.

ஊரடங்கு எம்மைக் காப்பதற்கு என்றார்கள். 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு வேளையில், பாதுகாப்புச் செறிந்த பகுதியில் இருந்த தன் வீட்டில், எழுதிக்கொண்டிருந்த மேசையிலேயே மயில்வாகனம் நிமலராஜன் சுடப்பட்டார். கொலையாளிகள் வீதியால் வந்து வீதியால் போனார்கள். அன்றைய இரவில் வீதியில் நடக்க எவருக்கு உரிமை இருந்தது என்பதை அச்சம்பவம் போல விளக்கிய தலையங்கத்தை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

எனவேதான் சொல்கிறேன், இரவில் இந்நகரத்தில் நடப்பது உல்லாசம் மட்டும் அல்ல. எங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரேயொரு இரவுதான் நடந்தோம்: 1995 ஒக்டோபர் 30. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர், சைக்கிள் நிறையச் சாமான், தோளில் முதியோர், அடிக்கு அடி நின்று நின்று. நகரம் முழுவதும் நடந்தது. ஆனால் நகரத்தை விட்டு வெளியே. உள்நோக்கி நடக்கும் இரவுகளை நாங்கள் இனித்தான் சேர்க்க வேண்டும்.

அதற்குத் தடைகள் இல்லாமல் இல்லை. வாள்வெட்டுக் குழுக்களின் கதை பத்திரிகையில் வராத கிழமை குறைவு. நானே எழுதியிருக்கிறேன். போதைப்பொருள், தெருநாய், தலைதெறிக்க ஓடும் மோட்டார் சைக்கிள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்கள். என் மகள் இந்தப் பத்தியை வாசித்துவிட்டு, "அப்பா, நீங்கள் நடந்தது சரி. இதே பாதையில இதே நேரத்தில நான் தனிய நடந்திருந்தால் உங்கட பத்தி எப்பிடி இருந்திருக்கும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நடைபாதையில் விளக்கு, பத்து மணிவரை தீவகத்துக்கு ஒரு பேருந்து, கோட்டைக்கும் நூலகத்துக்கும் நடுவே திறந்திருக்கும் நாலு கடை, சனம் சனத்துக்குக் காவலாக இருக்கும் அளவுக்கு நடமாட்டம் என்று அடுக்கினேன். "அதை எழுதுங்கோ முதல்" என்றாள். எழுதிவிட்டேன்.

நண்பருக்குச் சொன்ன மறுமொழி இதில் பாதிகூட இல்லை. "வாரும், நடந்து காட்டுறன்" என்றேன். வந்தார். நூலகத்தருகே நின்று நெடுநேரம் தொலைபேசியை வெளியே எடுக்கவில்லை. அதன்பின் தன் பழைய வாடகை அறை இருந்த ஒழுங்கையைத் தேடினார். இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். "எங்கட ஒழுங்கை" என்றே சொன்னார்.

சென்ற பௌர்ணமி இரவு சின்னம்மா படலை வரைக்கும் வந்தா. நான் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன். "நிலவு நல்லாய்க் கிடக்கு மோனை, சந்தி மட்டும் வாறன்" என்றா. எழுபத்தெட்டு வயது, பொழுதுபட்டபின் படலை தாண்டி எத்தனை ஆண்டு என்று கேட்டேன், கணக்கு இல்லை என்றா. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, உள்ளே திரும்பிப் போய்த் தன்னுடைய அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தா. மூன்றாவது மின்கம்பம் வரை வந்தோம். அதற்கப்பால் விளக்கு இல்லை. "இனி நீ போ" என்று சொல்லிவிட்டு, நான் வளைவில் மறையும்வரை அந்த வெளிச்சத்துக்குள்ளேயே நின்றா.